வெள்ளத்தில் போனது அட்டைதான், ஓட்டு இல்லை

கேள்வி: பதினொரு வருஷமாக திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் சிந்துபூந்துறையில் வாடகைக்கு இருந்தோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த வோட்டர் ஐடி எல்லாம் கூழாகிவிட்டது. பொங்கலுக்கு முந்தி பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் வேறு வீடு பார்த்து வந்துவிட்டோம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஓட்டு இன்னும் அவர் சொந்த ஊரில், ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்தில்தான். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் அப்பா வீட்டில், கல்யாணத்துக்கு முன் சேர்த்த பெயரும் அப்படியே இருப்பதாகத் தம்பி சொல்கிறான். எல்லாவற்றையும் இங்கே மாற்றிவிடலாம் என்றால், வீட்டுக்காரர் "ஊர்ல ஓட்டை எடுத்தா ஊர்லயே ஆள் இல்லன்னு ஆயிரும். நாளைக்கு வீட்டு வரி ரசீதும் கிடையாது, கோயில் வரியும் வாங்க மாட்டானுவ" என்கிறார். மாமியாருக்கு 86 வயது, இடுப்பு முறிந்து ஒரு வருஷமாக எங்களோடு படுக்கையில். மகளுக்கு பிப்ரவரி 11-ல் பதினெட்டு முடிந்தது. கையில் அட்டை இல்லாமல் எங்களுக்கு இந்த 2024 நாடாளுமன்ற எலக்‌ஷனில் ஓட்டு உண்டா?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்:

சகோதரி,

உண்டு. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நீங்கள் அட்டையை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு உங்கள் பெயரை நினைத்துத்தான் கவலை. குடியிருப்பது ஓர் ஊர், பெயர் இருப்பது வேறு இரண்டு ஊர்.

தாலுகா ஆபீஸ் தேர்தல் பிரிவில் நான் துணை தாசில்தாராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். வாக்குப்பதிவு அன்று காலை பத்து மணி இருக்கும். பீடி சுற்றுகிற ஓர் அம்மா பூத்திலிருந்து நேரே ஆபீசுக்கு வந்துவிட்டார். கையில் புத்தம் புது அட்டை, கவர் கூடப் பிரிக்கவில்லை. "சாரே, அட்டை இந்தா இருக்கு, லிஸ்ட்ல பேரு இல்லங்காவ" என்றார். புரட்டிப் பார்த்தோம். இடம் பெயர்ந்தவர் என்று நீக்கியிருந்தது. சரிபார்க்கப் போன அன்று அவர் பீடிக்கடைக்கு இலையும் தூளும் வாங்கப் போயிருக்கிறார். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ "அவிய இங்க இல்ல" என்று சொன்னது அப்படியே எழுத்தில் ஏறிவிட்டது. அந்த நீக்கல் பட்டியலின் அடியில் என் கையெழுத்தும் இருந்தது. அன்றைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வேட்புமனுவுக்கான கடைசி நாள் முடிந்துவிட்டால், தேர்தல் முடியும்வரை பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ கலெக்டராலும் முடியாது. அந்த அம்மா அட்டையை முந்தியில் முடிந்துகொண்டு படி இறங்கிப் போனார்.

அட்டை உங்களை யார் என்று காட்டும், அவ்வளவுதான். ஓட்டு இருப்பது பட்டியலில். அட்டை இல்லாதவர் ஆதாரைக் காட்டி ஓட்டுப் போடலாம். பட்டியலில் பெயர் இல்லாதவர் ஒரு பை நிறைய அட்டை கொண்டுவந்தாலும் போட முடியாது.

அதனால் இன்று ராத்திரியே செய்ய வேண்டிய வேலை, மகளை விட்டு உங்கள் மூவரில் யார் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ, ஆணையத்தின் ஆப்பிலோ தேடலாம். போனில் கேட்க 1950. அட்டை எண் தெரிந்தால் ஒரு நிமிஷ வேலை. பழைய பூத் சிலிப், பீரோவில் கிடக்கும் ஜெராக்ஸ், மகள் போனில் எப்போதோ எடுத்த போட்டோ, எதிலாவது அந்த எண் இருக்கும், தேடிப் பாருங்கள். எண் கிடைக்காவிட்டால் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, தொகுதி கொடுத்துத் தேட வேண்டும். நம் ஊர்ப் பெயர்கள் சோதிப்பது இங்கேதான். இசக்கியம்மாளை ஆங்கிலத்தில் அடிக்கும்போது ஒருவர் 'ஈ' எழுத்தில் தொடங்குவார், இன்னொருவர் 'ஐ' எழுத்தில். ஒரே பூத்தில் சுடலை மகன் சுடலைமுத்து நாலு பேர் இருப்பார்கள், நாலு பேருக்கும் நாலு விதமாக எழுதியிருக்கும். ஒரு எழுத்துக்கூட்டலில் வரவில்லை என்றதும் பெயர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் பாகத்தின், அதாவது அந்த ஒரு பூத்துக்கான, பட்டியலை முழுதாக இறக்கி, வீட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் பெயர் கண்ணில் படும்.

இனி உங்கள் வீட்டுக்காரர் சொல்வது. அவரை நான் குறை சொல்லவில்லை. இதே பேச்சை முப்பது வருஷம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவன் நான். மெட்ராஸில், பம்பாயில் இருக்கிறவர்கள்கூட ஊரில் ஓட்டு இருக்கட்டும் என்பார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருகிற மாதிரி ஓட்டுக்கும் வருவார்கள். நாலு சொந்தத்தைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. ஆனால் சட்டம் கேட்பது வேறு. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சாதாரணமாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும். ஒரு ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அந்த ஊரில் குடியிருப்பதாக ஆகாது என்று 20-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. நாலு மாதம் வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு அது பொருந்தாது, தற்காலிகமாக வெளியே போனதால் குடியிருப்பு போய்விடாது. நீங்கள் போனது பதினொரு வருஷம். அதைத் தற்காலிகம் என்று எந்த அலுவலரிடமும் சொல்ல முடியாது.

அவர் பயப்படுகிற மற்றவை எதற்கும் வாக்காளர் பட்டியலோடு சம்பந்தமே இல்லை. வீட்டு வரி பஞ்சாயத்துப் பதிவேட்டில் இருக்கிறது. பட்டா வருவாய்த் துறையில். கோயில் வரி ஊர்க் கணக்கில், அதற்கு ஓட்டர் லிஸ்ட்டை எந்த நாட்டாண்மையும் புரட்டிப் பார்ப்பதில்லை. காசு வந்ததா என்றுதான் பார்ப்பார். இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். ஆலங்குளம் 2019 நவம்பரில் தென்காசி மாவட்டத்துக்குப் போனாலும், நாடாளுமன்றத் தேர்தலுக்கு அது திருநெல்வேலித் தொகுதியில்தான் இருக்கிறது. ஆலங்குளம், திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் சேர்ந்தது ஒரு எம்.பி. தொகுதி. ஆக இந்தத் தேர்தலில் ஊரில் போட்டாலும் பாளையங்கோட்டையில் போட்டாலும் அதே வேட்பாளர்கள்தான். மாற்றுவதால் அவர் இழப்பது தென்காசி பஸ் பயணம் ஒன்றுதான்.

மாற்ற வேண்டிய படிவம் 8. இதை இரண்டு தரம் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். படிவம் 8. புது வீட்டுக்கு வந்ததும் "புதுசா சேருங்க" என்று படிவம் 6 போடுகிறார்கள். படிவம் 6 இதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாதவருக்கு மட்டும். ஏற்கெனவே பெயர் உள்ளவர் அதைப் போட்டால், வேறு எங்கும் என் பெயர் இல்லை என்று தன் கையெழுத்தாலேயே பொய் சொன்னதாக ஆகும். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று 31-ஆம் பிரிவு இருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தப் படிவம் என்று நீங்களே சொல்லுங்கள்.

படிவம் 8-ல் நாலு காரியங்களுக்குக் கட்டம் உண்டு. குடிமாற்றம், விவரத் திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது. ஒரு படிவத்தில் ஒன்றைத்தான் டிக் செய்யலாம். நீங்களும் வீட்டுக்காரரும் குடிமாற்றத்தை டிக் செய்யுங்கள். புது முகவரியோடு புது அட்டையும் அதிலேயே வந்துவிடும், கூழாய்ப் போன அட்டைக்குத் தனியாக மனு வேண்டாம். அட்டை எண் மாறாது, பழைய எண்தான். சிந்துபூந்துறையில் உங்களைப் போல அட்டையைப் பறிகொடுத்து, ஆனால் வீடு மாறாமல் இருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லுங்கள்: அவர்கள் மாற்று அட்டைக் கட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே காரணம் கேட்கிற இடத்தில், தொலைந்தது என்பதற்குக் கீழே, வெள்ளம், தீ போன்ற இயற்கைச் சீற்றத்தால் அழிந்தது என்று தனியாக ஒரு வரியே இருக்கிறது. அதைத்தான் குறிக்க வேண்டும்.

முகவரிச் சான்றுதான் உங்களுக்குக் கொஞ்சம் இடிக்கும். புது வீட்டு கரண்ட் பில் வீட்டு ஓனர் பெயரில் இருக்கும், அது உதவாது. வாடகை ஒப்பந்தம் என்றால் பதிவு செய்ததாக இருக்க வேண்டும், இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டது போதாது. ஆதாரில் முகவரி மாற்றிவிட்டீர்கள் என்றால் பிரச்சினையே இல்லை. இல்லாவிட்டால் சுலபமான வழி பாஸ்புக். பேங்கிலோ போஸ்ட் ஆபீசிலோ பெருமாள்புரம் முகவரியை மாற்றி, அந்த முதல் பக்கத்தைப் புதிதாக அடித்து வாங்குங்கள். வீட்டுக்காரர் பெயரில் சான்று இருந்தால் உங்களுக்கும் அதுவே போதும், கணவன் மனைவிக்கு ஒருவர் சான்று மற்றவருக்கு ஆகும். எதுவுமே இல்லாதவர்களுக்கும் கதவு அடைத்துவிடவில்லை. பி.எல்.ஓ., அதாவது உங்கள் பூத்துக்கான வாக்குச்சாவடி நிலை அலுவலர், நேரில் வந்து விசாரித்து எழுதலாம். பாலத்தடியில் படுத்திருப்பவருக்குக்கூட ராத்திரி நேரத்தில் போய் அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துப் பெயர் சேர்க்க விதி இருக்கிறது. அப்படி ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் லைட்டோடு நானும் போயிருக்கிறேன்.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அந்தப் பழைய பெயர். தம்பி சொன்னது உண்மைதானா என்று முதலில் பட்டியலில் பாருங்கள். உண்மை என்றால், ஆலங்குளத்துப் பெயரைப் படிவம் 8 மூலம் பாளைக்குக் கொண்டுவருவது ஒரு வேலை, அம்பாசமுத்திரத்துப் பெயரை எடுக்கப் படிவம் 7 கொடுப்பது தனி வேலை. குடிமாற்றத்தில் பழைய இடத்துப் பெயரை அவர்களே எடுத்துவிடுவார்கள், ஆனால் கம்ப்யூட்டருக்கு நீங்கள் சொல்லாத இன்னொரு பெயர் தெரியாது. "இருந்துட்டுப் போகட்டுமே, நான் அங்க போய்ப் போடப் போறதில்லயே" என்று நினைக்கலாம். இரண்டு இடத்தில் பெயர் இருப்பதே சட்டப்படி கூடாது. அதைவிட, ஒரே தேர்தலில் ஒருவர் இரண்டு ஓட்டுப் போட்டால் இரண்டும் செல்லாது. முதலில் போட்டதாவது மிஞ்சும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் போகாவிட்டாலும், போகாத பெயரின் மேல் கண் வைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு நம் ஜில்லாவிலேயே கணக்கு இருக்கிறது: 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு, வழக்கு டெல்லி வரை போயிற்று.

நாள் கணக்குக்கு வருகிறேன். இதை எழுதும் இந்த 2024 மார்ச் முதல் வாரத்தில் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. 2019-ல் எப்படிப் போனது என்று பாருங்கள். மார்ச் 10-ல் அறிவிப்பு. நமக்கு மார்ச் 26 வேட்புமனுவுக்குக் கடைசி நாள். ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. அறிவிப்புக்கும் பட்டியல் பூட்டப்படுவதற்கும் நடுவே பதினாறே நாள். நீங்கள் மனு கொடுத்த அன்றே பெயர் ஏறிவிடாது. யாராவது ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் விட வேண்டும், பி.எல்.ஓ. வந்து பார்க்க வேண்டும், அப்புறம்தான் வாக்காளர் பதிவு அலுவலர் உத்தரவு போடுவார். ஆக, கடைசி நாளுக்குப் பத்து நாளாவது முன்னால் மனு உள்ளே போயிருக்க வேண்டும். டி.வி.யில் தேதி சொன்ன பிறகு பார்ப்போம் என்று இருந்தால், அன்றைக்கு தாலுகா ஆபீஸ் வாசலில் திருச்செந்தூர் சஷ்டிக் கூட்டம் நிற்கும். இந்த வாரமே கொடுங்கள். ஆன்லைனில் போட்டால் வரும் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கையில் கொடுத்தால் படிவத்தின் அடியில் இருக்கும் ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்காமல் வராதீர்கள். கட்சிக்காரத் தம்பி யாராவது "எங்கிட்ட குடுங்க மைனி, நான் பாத்துக்கிடுதேன்" என்பார். நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும், சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒருவேளை உத்தரவு அதற்குள் வராவிட்டால் இடிந்து போக வேண்டாம். உத்தரவு ஆகும்வரை உங்கள் பெயர் ஆலங்குளத்துப் பட்டியலில்தான் இருக்கும். வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு இடத்தையும் பாருங்கள். பாளையில் வந்திருந்தால் பாளையில், வரவில்லை என்றால் தென்காசி பஸ்.

மாமியாருக்கு. எண்பது வயது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே தபால் ஓட்டு என்று நம் மாநிலத்தில் 2021 சட்டமன்றத் தேர்தலில் கொண்டுவந்தார்கள். இந்த 2024 மார்ச்சில்தான் அந்த வயதை எண்பத்தைந்தாக உயர்த்தியிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு 86, தப்பித்தார். ஆனால் பட்டியலில் என்ன வயது இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்தில் வயது என்பது எழுதுகிறவர் முகத்தைப் பார்த்துப் போட்டதுதான். படிவம் 12டி என்பதைத் தேர்தல் அறிவிக்கை (டி.வி.யில் சொல்லும் தேதி அறிவிப்பு அல்ல, பிறகு அரசிதழில் வருவது) வெளியான ஐந்து நாளுக்குள் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். பி.எல்.ஓ.வே கொண்டுவந்து தந்து வாங்கிப் போவார். பிறகு ஒரு நாள் அலுவலர்கள், போலீஸ், வீடியோ எடுப்பவர் என்று ஒரு குழு வீட்டுக்கு வரும், அவர் மறைவாக ஓட்டைக் குறித்து உறையில் போட்டு ஒட்டித் தருவார். அந்தக் குழு எந்தத் தொகுதிப் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறதோ அந்தத் தொகுதிக்குள்தான் சுற்றும். அவர் பெயர் ஆலங்குளத்தில், ஆள் பெருமாள்புரத்துக் கட்டிலில் என்றால், குழு பூட்டின வீட்டைத் தட்டிவிட்டுப் போய்விடும். அதனால் உங்கள் இருவரையும்விட அவருக்குத்தான் படிவம் 8 முதலில் போட வேண்டும். 12டி கொடுத்து வீட்டு ஓட்டுக்கு ஒப்புக்கொண்டவர் பின்னால் பூத்துக்குப் போய்ப் போட முடியாது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். சில பாட்டிகளுக்கு வரிசையில் நின்று விரலில் மை வாங்கினால்தான் ஓட்டுப் போட்ட மாதிரி இருக்கும்.

மகள் விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத பதில்தான் தர முடியும். பதினெட்டு முடிந்துவிட்டது என்பது மட்டும் போதாது, எந்தத் தேதியில் முடிந்திருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. முன்பு ஜனவரி 1 ஒன்றுதான். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என்று நாலு. பிப்ரவரி 11-ல் பதினெட்டு முடிந்த பிள்ளைக்கு ஏப்ரல் 1 கணக்கு. வேட்புமனுக் கடைசி நாள் ஏப்ரல் 1-க்கு முன்பே வந்துவிட்டால், 2019-ஐப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது, இந்தத் தடவை அவளுக்கு ஓட்டு இருக்காது. இருந்தாலும் படிவம் 6-ஐ இப்போதே போட்டுவிடுங்கள், முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் போதும். குடும்பத்தில் ஏற்கெனவே பெயர் உள்ளவர் விவரம் கேட்கிற இடத்தில் உங்கள் அட்டை எண்ணைப் போடுங்கள். சடைத்துக்கொண்டால் என் கதையைச் சொல்லுங்கள். எங்கள் காலத்தில் இருபத்தொன்று ஆகவேண்டும், பதினெட்டு என்று ஆனது 1989-ல். நான் முதல் ஓட்டுப் போட்டபோது எனக்கு இருபத்து மூன்று.

வாக்குப்பதிவு அன்று அட்டை தபாலில் வந்து சேராவிட்டாலும் ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய பேங்க் அல்லது போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, இவற்றில் ஒன்று போதும். ரேஷன் கார்டைக் காட்டி வாக்குவாதம் செய்யாதீர்கள், அது அந்தப் பட்டியலில் இல்லை. பூத் சிலிப்பும் அடையாளச் சான்று ஆகாது. அது வரிசை எண் பார்க்கத்தான்.

கடைசியாக ஒரு வேலை. பி.எல்.ஓ. பெரும்பாலும் ஒரு டீச்சராகவோ அங்கன்வாடி அம்மாவாகவோ இருப்பார், ஸ்கூல் விட்ட பிறகு சாயந்திரம்தான் வருவார். நீங்கள் பெருமாள்புரத்துக்குப் புதுசு, தெருவில் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. இடது பக்கத்து வீடு, வலது பக்கத்து வீடு, எதிரே இஸ்திரி போடுகிற அண்ணாச்சி, மூன்று பேரிடமும் உங்கள் முழுப் பெயரையும் போன் நம்பரையும் சொல்லி வையுங்கள். யாராவது வந்து கேட்டால், "இங்கதான் இருக்காவ, இப்ப கடைக்குப் போயிருக்காவ" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.